தண்டவாளம் இல்லாத ரயில்

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். எல்.ஐ.சி. பாலிசிகளுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கும். ஜவுளிக்கடைப் பை, அல்லது ஸ்கேன் சென்டரில் கொடுத்த பெரிய கவர். உள்ளே அப்பாவின் ஈ.சி.ஜி., அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், எப்போதோ எடுத்த எக்ஸ்ரே. டாக்டர் மாறும்போதெல்லாம் பையும் கூடவே போகும். புது டாக்டர் கேட்பார்: ‘‘இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?’’ ‘‘வெள்ளையா, சின்னதா ஒண்ணு சார்...’’

சிரிக்காதீர்கள். ஒரே மருத்துவமனையில், அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு டாக்டர்களுக்கு நடுவிலேயே நிலைமை இந்த லட்சணத்தில்தான் இருந்தது. இங்கே மட்டுமல்ல, உலகம் முழுக்க. இதய டாக்டர் கொடுத்த மருந்து சிறுநீரக டாக்டருக்குத் தெரியாது. இருவரும் கொடுத்தது மனநல டாக்டருக்குத் தெரியாது. மூன்றும் வயிற்றுக்குள் சந்தித்துக்கொண்டு கைகலப்பில் இறங்கும்போது நோயாளிக்கு மட்டும் தெரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு கூட்டம் ரகசியமாக வேலை பார்த்தது. வேலை போனது, பதவி போனது, சொந்த இலாகாவிடமே திருடனைப்போல ஒளிந்து திரிய வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே மேயோ சகோதரர்கள் (வில்லியம், சார்லஸ்) நடத்திய மருத்துவமனையில் 1901ம் ஆண்டு ஹென்றி பிளம்மர் என்றொரு டாக்டர் சேர்ந்தார். டாக்டர் வேஷம் போட்ட இன்ஜினீயர் என்றே அவரைச் சொல்லலாம். எதைப் பார்த்தாலும் இதை இன்னும் ஒழுங்காகச் செய்ய முடியாதா என்று யோசிக்கிற ரகம். அவர் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு டாக்டரிடமும் ஒரு தடிமனான பேரேடு இருந்தது. இன்றைக்கு வந்தவர்கள் யார், என்ன நோய், என்ன மருந்து என்று தேதிவாரியாக அதில் எழுதிக்கொண்டே போவார்கள். அதே நோயாளி அடுத்த மாதம் வந்து வேறு டாக்டரைப் பார்த்தால்? அது வேறு பேரேட்டில், வேறு பக்கத்தில் ஏறும். ஒரு மனிதனின் முழு வியாதியையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எல்லா பேரேட்டையும் புரட்ட வேண்டும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நானும் அந்த ஜாதிதான். தினசரி நடந்ததைத் தேதிவாரியாக எழுதினால் அது நாட்குறிப்பு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றினால்தான் கணக்கு. நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சிகூட உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கித்தான் கடன் எழுதுவார். உலகத்தின் தலைசிறந்த அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு 1907 வரைக்கும் இது தோன்றவில்லை!

பிளம்மருக்குத் தோன்றியது. 1907 ஜூலையில் புது முறையை ஆரம்பித்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் உறை. எந்த டாக்டர் பார்த்தாலும், என்ன சோதனை செய்தாலும், காகிதம் அந்த ஒரே உறைக்குள் போக வேண்டும். உறை டாக்டருக்குச் சொந்தமில்லை, மருத்துவமனைக்குச் சொந்தம். கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? ஆனால், இதன் உள்ளர்த்தம் பெரிது. நான் எழுதியதை நாளை இன்னொரு டாக்டர் படிப்பார், என் தப்பு அவர் கண்ணில் படும் என்பதற்குச் சம்மதித்தால்தான் இந்த உறை சாத்தியம். உறையைச் செய்துவிடலாம். அந்தச் சம்மதத்தை வாங்குவதுதான் பெரும்பாடு.

அந்த உறைகள் மாடிக்கு மாடி ஓடுவதற்கென்றே கட்டடத்துக்குள் தனி லிஃப்ட், காற்றழுத்தக் குழாய் என்றெல்லாம் ஏற்பாடு செய்தார் மனிதர்.

அடுத்து, 1968. லாரன்ஸ் வீட் என்ற டாக்டர், ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற பெரிய மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். உறை சரி, உள்ளே இருப்பது குப்பை என்பது அவர் கட்சி. ரத்தச் சோதனை ஒரு பக்கம், நர்ஸ் எழுதியது ஒரு பக்கம், டாக்டர் கிறுக்கியது ஒரு பக்கம். நோயாளிக்கு என்னதான் பிரச்னை என்பது எங்கேயும் இல்லை. ஆகவே முதல் பக்கத்தில் பிரச்னைகளின் பட்டியல். ஒவ்வொரு பிரச்னைக்கும் கீழே நான்கு விஷயம்: நோயாளி என்ன சொல்கிறார், டாக்டர் என்ன கண்டார், அதைப்பற்றி என்ன நினைக்கிறார், என்ன செய்யப் போகிறார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சோப்’ என்று வரும். இன்றைக்கும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த சோப்பைப் போட்டுத்தான் குளிக்கிறார்கள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஒரு சின்ன கோஷ்டி, மருத்துவமனைக்காகவே ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியது. ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். எழுத்துகளை, குறிப்புகளை லாகவமாகக் கையாளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மம்ப்ஸ்’. நீளமான ஒரு பெயரின் சுருக்கம். ஆனால், மம்ப்ஸ் என்றால் என்ன தெரியுமோ? நம்ம ‘பொன்னுக்கு வீங்கி’! மருத்துவமனைக்காரர்களின் நகைச்சுவை உணர்ச்சி அப்படி.

இந்தப் பொன்னுக்கு வீங்கிதான் நம் கதையின் கதாநாயகி.

இனி வி.ஏ.வுக்கு வருவோம். வி.ஏ. என்றதும் நம்மூர் வி.ஏ.ஓ. ஞாபகத்துக்கு வருவார். இது வேறு. அமெரிக்காவில் ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்காக அரசாங்கம் நடத்தும் அமைப்பு. நாடு முழுக்க அதற்கு மருத்துவமனைகள் உண்டு. 1989ல் வந்த ‘பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை’ படத்தில் டாம் க்ரூஸ் வியட்நாமில் அடிபட்டு வந்து படுத்திருப்பாரே, எலி ஓடும் ஓர் ஆஸ்பத்திரி... அதுதான். பெயர் அவ்வளவு நாறிப் போயிருந்தது.

வி.ஏ. நோயாளிக்குச் சில விசேஷங்கள். பெரும்பாலும் வயதானவர். ஒரு வியாதியோடு நிற்காது. கால் போயிருக்கும், சர்க்கரை இருக்கும், ராத்திரி தூக்கம் வராது. ஆக நான்கைந்து டாக்டர்கள். இன்று கலிஃபோர்னியா, அடுத்த வருஷம் மகள் வீடு இருக்கிற டெக்ஸாஸ் என்று இடமும் மாறுவார். ஆனால், எங்கே போனாலும் இன்னொரு வி.ஏ. மருத்துவமனைக்குத்தான் வருவார். தனியார் மருத்துவமனைக்கு நோயாளியின் பழைய கதை தெரிந்து லாபமில்லை. மறுபடியும் சோதனை எடுத்தால் மறுபடியும் பில். வி.ஏ.வுக்கோ அது சொந்தச் செலவு. டாக்டர்கள் விஷயத்தைப் பகிர்ந்துகொண்டால் இலாகாவுக்கே காசு மிச்சம். பகிர்தல் இங்கே வேர் பிடித்ததற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமில்லை. கணக்கும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

1970களில் வி.ஏ.வின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தலைமையகத்தின் பிடியில் இருந்தன. அதற்கென்று ஒரு தனி இலாகா. பூதாகாரமான மெயின்ஃப்ரேம்கள். மருத்துவமனைக்கு ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் மனு போட வேண்டும், கமிட்டி கூட வேண்டும், டெண்டர் விட வேண்டும். வருவதற்குள் கேட்ட டாக்டர் ரிடையராகிவிடுவார்.

ஜோசப் ஓ’நீல், மார்ட்டி ஜான்சன் என்ற இருவர் 1970களின் கடைசியில் வி.ஏ.வுக்குள் வந்தார்கள். ஓ’நீலை ‘டெட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய யோசனை தலைகீழானது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். புரோகிராம் எழுதுகிறவன் வாஷிங்டனில் ஏ.சி. ரூமில் அல்ல, வார்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். காலையில் டாக்டர் ‘இந்த இடத்தில் பழைய ரீடிங்கும் தெரிந்தால் தேவலை’ என்று சொன்னால் சாயந்திரம் அது திரையில் வர வேண்டும். எல்லோரும் மம்ப்ஸில் எழுத வேண்டும். ஓர் ஊரில் எழுதியதை இன்னோர் ஊர் எடுத்துக்கொள்ளலாம்.

நாடெங்கும் மருத்துவமனைகளில் இளைஞர்களைச் சேர்த்தார்கள். 1978 டிசம்பரில் ஓக்லஹோமா நகரத்தில் கூடிப் பேசி, யார் எதை எழுதுவது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் டிம்ஸன் எழுதிய ‘ஃபைல்மேன்’தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். அதன் சூட்சுமம் இதுதான். நோயாளியின் பெயர், விவரம் ஒரே ஓர் இடத்தில் இருக்கும். சோதனைக்கூடம், மருந்தகம், எக்ஸ்ரே எல்லாம் தனித்தனியாக அவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளாமல், அந்த ஓர் இடத்தை விரல் நீட்டிக் காட்டும். ஆக எந்த டாக்டர் பார்த்தாலும் ஒரே மனிதனைத்தான் பார்ப்பார். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பிளம்மரின் உறை! காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

தலைமையக இலாகாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்களைக் கேட்காமல் கம்ப்யூட்டரா? 1979ல் நிறுத்தச் சொல்லி உத்தரவு பறந்தது. இந்தக் கோஷ்டியில் பலர் வேலையை இழந்தார்கள். சிலருக்குப் பதவி இறக்கம், சிலருக்கு ஊர் மாற்றம். சில இடங்களில் கம்ப்யூட்டரையே பிடுங்கினார்கள்.

அடங்கினார்களா? ம்ஹூம். தங்களுக்குள் ‘ஹார்ட்ஹாட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கட்டடத் தொழிலாளிகள் தலையில் போடும் கெட்டித் தொப்பி இருக்கிறதே, அது. புரோகிராம்கள் கைமாறின. அந்தந்த மருத்துவமனை டாக்டர்கள் இவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் மேல் காதல் இல்லை. காலையில் ரவுண்ட்ஸ் போகும்போது சோதனை முடிவு கையில் இருந்தது. அதை ஒருமுறை ருசி பார்த்தவன் மறுபடி காகிதம் தேடி அலைவானா?

1981. வி.ஏ.வின் தலைமை மருத்துவ அதிகாரி டொனால்ட் கஸ்டிஸ், வாஷிங்டன் வி.ஏ. மருத்துவமனைக்கு ஒரு விசிட் வந்தார். முன்னாள் கடற்படை சர்ஜன் ஜெனரல். அங்கே ராஸ் ஃப்ளெட்சர் போன்ற டாக்டர்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சர்வசாதாரணமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘அதிகாரபூர்வமாக’ அப்படி ஒன்று இருக்கவே கூடாதே! அசந்துபோன கஸ்டிஸ், இங்கே ஓர் ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ ஓடுகிறது போலிருக்கிறதே என்றார்.

அமெரிக்கர்களுக்கு இந்த வார்த்தை உடனே உறைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் மாநிலங்களிலிருந்து தப்பி ஓடிய கறுப்பின அடிமைகளை வீடு வீடாக ஒளித்துவைத்து வடக்கே கடத்திவிட்ட ரகசிய ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை. உயிரைப் பணயம் வைத்த அந்த ஏற்பாட்டோடு கம்ப்யூட்டர் புரோகிராமை ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ஓ’நீலுக்குப் பிடித்துப்போயிற்று. ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ உறுப்பினர் அட்டையே அச்சடித்து விநியோகித்தார். ‘எல்லையற்ற இலவசப் பயணம்’ என்று அதில் ஒரு வரி வேறு!

கஸ்டிஸ் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை, ஆதரித்தார். வி.ஏ.வின் துணைத்தலைவர் பொறுப்பிலிருந்த, வியட்நாம் போரில் அடிபட்டுத் திரும்பிய இளைஞர் ஒருவரும் கூடச் சேர்ந்தார். பெயர் சக் ஹேகல். பிற்பாடு செனட்டராகி, ஒபாமா ஆட்சியில் 2013ல் பாதுகாப்பு அமைச்சரானாரே, அவரேதான். நாடாளுமன்றத்தில் சன்னி மான்ட்கோமரி பக்கபலம். 1982 பிப்ரவரியில் வி.ஏ. தலைவர் ராபர்ட் நிம்மோ கையெழுத்துப் போட, ரகசிய ரயில் வெளிச்சத்துக்கு வந்தது.

அதன்பின் வளர்ச்சி நிதானமாக நடந்தது. 1994ல் வி.ஏ. மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற கென்னத் கைஸர், தனித்தனி ராஜ்ஜியங்களாக இருந்த மருத்துவமனைகளை உலுக்கி எடுத்தார். 1990களின் இறுதியில் டாக்டர்கள் தாங்களே திரையில் மருந்து எழுதும் வசதி பரவியது. ‘விஸ்டா’ என்று பெயரும் மாறியது. இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று ஆகாது என்றால் எழுதும்போதே எச்சரிக்கை மணி அடிக்கும். பக்கத்து அறை டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கத் தயங்குகிறவர்கள் உண்டு. சீனியராச்சே, என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். திரையில் பார்க்க என்ன கூச்சம்?

இந்த இடத்தில் சூ கின்னிக் என்ற நர்ஸைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். கான்சஸ் மாநிலம், டொபீகா வி.ஏ. மருத்துவமனை. 1992ல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கார் கம்பெனி ஆள் கையில் ஒரு கருவி. காரிலிருந்த கோட்டுக் குறியீட்டில் ‘பீப்’ என்று காட்டினான். எந்தக் கார், யார் எடுத்தது, எல்லாம் வந்து விழுந்தது. கின்னிக் யோசித்தார். காருக்கு இதைச் செய்ய முடியுமென்றால் என் நோயாளிக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு ஏன் செய்யக் கூடாது? நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு குறியீடு, மருந்துப் பொட்டலத்தில் ஒரு குறியீடு. இரண்டையும் ‘பீப்’ செய்து பொருந்தினால்தான் மருந்து. டொபீகாவில் ஆரம்பித்து, நாடு முழுக்க எல்லா வி.ஏ. மருத்துவமனைக்கும் அது போனது. ஒரு நர்ஸின் யோசனை நேராகப் புரோகிராமுக்குள் போக முடிந்தது, வார்டுக்குப் பக்கத்தில் புரோகிராமர் உட்கார்ந்திருந்ததால்.

இது ஏதோ வசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சாகிறார்கள் என்று 1999ல் அந்நாட்டு மருத்துவக் கழகம் ஓர் அறிக்கையில் சொன்னது. நாடே ஆடிப்போனது.

2004 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. செய்ய வேண்டியதாக மருத்துவம் சொல்கிற சிகிச்சைகளில் எத்தனை சதவிகிதம் உண்மையில் நோயாளிக்குக் கிடைத்தது? வெளியே 51. வி.ஏ.வில் 67. எலி ஓடிய ஆஸ்பத்திரி!

சரி, இதன் அருமை ஒரே நாளில் எப்போது தெரிந்தது? 2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. தனியார் டாக்டர்களின் கிளினிக்குகளில் காகித ஃபைல்கள் கூழாகிப் போயின. கேன்சர் நோயாளிகள் வேறு ஊர் முகாம்களில் வந்து இறங்கினார்கள். எந்த மருந்து, எத்தனையாவது சுற்று என்று அவர்களுக்கே தெரியாது. டாக்டரையும் பிடிக்க முடியவில்லை. அவரும் எங்கேயோ ஒரு முகாமில் இருந்திருப்பார்.

நியூ ஆர்லியன்ஸ் வி.ஏ. மருத்துவமனையையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆனால், சுமார் 50,000 நோயாளிகளின் முழு விவரமும் நாடாக்களில் பதிந்து ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தது. சில நாட்களில் உயிர் பெற்றது. உடுத்திய துணியோடு வந்து நின்ற கிழவருக்கு, முன்பின் பார்த்திராத டாக்டர் அதே மருந்தை அதே அளவில் எழுதிக் கொடுத்தார்.

ஆஹா ஓஹோ என்று இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால், அது முழுக் கதையில்லை.

திரையில் எழுதுவது சுலபம் என்றால் நகல் எடுத்து ஒட்டுவது அதைவிடச் சுலபம். நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து இன்றைக்கு ஒட்டும் பழக்கம் டாக்டர்களிடம் பரவியது. எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள், சரி. எதைப் பகிர்ந்தார்கள்? அப்புறம் 2014. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வி.ஏ. மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் வெளியே வைத்து, காத்திருப்போர் குறைவு என்று கணக்குக் காட்டியது அம்பலமானது. துறை அமைச்சர் ஷின்செகி ராஜினாமா செய்தார். கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பொய்க் கணக்கு எழுத நல்ல நோட்டு இருந்தால் என்ன, மோசமான நோட்டு இருந்தால் என்ன?

இன்னொரு வினை, பிறவியிலேயே வந்தது. ஊருக்கு ஊர் தங்கள் வசதிப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதுதானே ஹார்ட்ஹாட்ஸின் பலம்? முப்பது வருஷம் அப்படி மாற்றியதில் விஸ்டா சுமார் 130 விதமாகப் பிரிந்து நின்றது. மம்ப்ஸ் தெரிந்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. ராணுவ மருத்துவமனையோ முற்றிலும் வேறு கம்ப்யூட்டர். ஒரு சிப்பாய் சீருடையைக் கழற்றியதும் அவருடைய மருத்துவச் சரித்திரமும் பாதியில் நின்றுவிடும்.

பிரிட்டனைப் பார்த்தாவது உஷாராகியிருக்கலாம். அங்கே 2002ல் டோனி பிளேர் அரசாங்கம் நாடு முழுக்க ஒரே மருத்துவப் பதிவு என்று திட்டம் போட்டது. மேலிருந்து கீழே. பெரிய கம்பெனிகள், பெரிய ஒப்பந்தங்கள். டாக்டர்களிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. 1,200 கோடி பவுண்ட் வரை செலவு மதிப்பீடு எகிறி, 2011ல் கடையைக் கட்டினார்கள்.

வி.ஏ.வும் 2018 மே மாதம் செர்னர் என்ற கம்பெனியோடு கையெழுத்துப் போட்டது. பத்து வருஷம், 1,000 கோடி டாலர். ராணுவம் வாங்கிய அதே சாஃப்ட்வேர். காரணம் நியாயமானதுதான்: ராணுவத்துக்கும் வி.ஏ.வுக்கும் ஒரே பதிவு. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகர மருத்துவமனை முதலில் மாறியது.

அங்கே டாக்டர்கள் ஆர்டர் போட்டார்கள். ரத்தச் சோதனை, ஸ்கேன், இன்னொரு நிபுணரிடம் அனுப்பச் சொல்லி. கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது. போக வேண்டிய இடம் சரியாகப் பொருந்தாவிட்டால், போட்ட டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அதை ஒரு மூலையில் கொண்டுபோய்ப் போட்டது. அதற்குப் பெயரே ‘அன்நோன் க்யூ’. அடையாளம் தெரியாத வரிசை. டாக்டர் அனுப்பிவிட்டேன் என்று நினைத்தார். நிபுணர், யாரும் வரவில்லை என்று நினைத்தார். நோயாளி, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். 2021 ஜூன் வரைக்கும் அந்த வரிசையில் 11,000க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் போய் விழுந்திருந்ததையும், 149 நோயாளிகளுக்கு அதனால் பாதிப்பு ஏற்பட்டதையும் வி.ஏ.வின் சொந்தக் கண்காணிப்பு அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்டது. செர்னரை அதே வருஷம் ஆரக்கிள் வாங்கியிருந்தது.

2023 ஏப்ரலில் புதிய மருத்துவமனைகளை மாற்றுவதை வி.ஏ. நிறுத்தி வைத்தது. அதுவரை மாறியிருந்தவை ஐந்தே ஐந்து. மற்ற ஊர்களில் காலை ரவுண்ட்ஸுக்குப் போன டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தது, ஹார்ட்ஹாட்ஸ் போட்ட அதே பழைய விஸ்டாவைத்தான். 2024 டிசம்பரில், 2026ன் நடுவில் மிச்சிகன் மாநிலத்து நான்கு மருத்துவமனைகளிலிருந்து மறுபடி தொடங்கப் போவதாக அறிவித்தார்கள்.